ஓட்டு நாள்ல தமிழ் பேசுற ஹாட்லைன் நடத்தணும், செஞ்சு பார்த்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

செந்தூல் கார்த்தி:

வணக்கம் எல்லாருக்கும். மலேசியாவுல அடுத்த பொதுத்தேர்தலுக்கு நாங்க கொஞ்சம் பேர் சேர்ந்து தமிழ்ல ஒரு ஹாட்லைன் போடலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம். கோலாலம்பூர்ல செந்தூல், ஜாலான் ஈப்போ, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துப் பிள்ளைங்கதான், யாரும் எந்தக் கட்சியிலயும் இல்ல. ஓட்டு போடப் போன எடத்துல பேரு இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, முதலாளி வேலைய விட்டு விடமாட்டேங்குறாரு, வாசல்ல எவனோ நின்னுக்கிட்டு மெரட்டுறான், இந்த மாதிரி ஏதாச்சும்னா ஒரு நம்பருக்கு அடிச்சா தமிழ் பேசுற ஆளு எடுக்கணும், அடுத்து என்ன செய்யணும்னு அந்த நிமிஷமே சொல்லணும், அவ்வளவுதான் ஐடியா.

எஸ்.பி.ஆர் (தேர்தல் ஆணையம்) நம்பர் இருக்கு, பேரு எங்க இருக்குன்னு பார்க்குற மைஎஸ்பிஆர் செமாக் இருக்கு, அதெல்லாம் தெரியும். ஆனா 2018ல 14.9 மில்லியனா இருந்த வாக்காளருங்க 2022ல 21 மில்லியனத் தாண்டிட்டாங்க, 18 வயசும் தானா பதியுற முறையும் வந்ததால. தன் பேரு ஏறிருச்சுன்னே தெரியாத பிள்ளைங்க ஒரு பக்கம், கடையில பசார்ல மலாய் பேசுவாங்க ஆனா ஆபீசுக்கு போன் போட்டு மலாய்ல கேக்கக் கூச்சப்படுற பாட்டிங்க ஒரு பக்கம்.

அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, எந்த மாதிரி கேள்வி வரும், எத்தனை பேர் வேணும், என்ன நம்பர் வாங்குறது, சட்டப்படி எதுவும் சிக்கல் வருமா, அப்புறம் முக்கியமா கட்சிக்காரனுங்க நம்மளப் பார்த்து நீ அந்தக் கட்சி ஆளு இந்தக் கட்சி ஆளுன்னு சொன்னா எப்படி சமாளிக்கிறது.

பிறை அக்கா:

கார்த்தி தம்பி, நல்ல காரியம். நான் 2022 பொதுத்தேர்தல்லயும் 2023 ஆகஸ்ட் 12 பினாங்கு சட்டமன்றத் தேர்தல்லயும் ஒரு சின்ன குழுவோட உக்காந்து போன் எடுத்திருக்கேன். பேரெல்லாம் வேணாம், இப்ப அந்தக் குழு இல்ல, ஆளுக்கு ஒரு பக்கம் போயிட்டாங்க.

மொதல்ல ஒண்ணு. கள்ள ஓட்டு, பெட்டி மாத்துறது, இந்த மாதிரி பெரிய பெரிய புகாரா வரும்னு நெனச்சு உக்காராதீங்க. வர்றதெல்லாம் "எனக்கு ஓட்டு எங்க", "நான் எந்த சாலுரான் (ஓட்டு அறை)", "ஐசில (அடையாள அட்டையில) வீட்டு அட்ரஸ் மாத்திட்டேன் அப்ப ஓட்டும் மாறிருச்சா", இதுதான். சின்ன கேள்வின்னு நெனைக்காதீங்க, இதுக்குப் பதில் கிடைக்கலன்னாதான் ஆளு வீட்டுக்குத் திரும்பிப் போயிடுறது. கூட்டம் முந்தின நாள் ராத்திரி ஒரு தடவ, ஓட்டு நாள் காலையில எட்டு மணிக்குக் கதவு தொறந்ததுல இருந்து பதினொண்ணு வரைக்கும் ஒரு தடவ. மத்தியானம் கொஞ்சம் ஓய்வு. அப்புறம் நாலு மணிக்கு மேல தூங்கி எந்திரிச்சவன் எல்லாம் அடிப்பான்.

எங்க பக்கத்துல ரொம்ப வந்த கதை என்னன்னா, கெடாவுல கூலிம், சுங்கைப்பட்டாணி தோட்டத்துல இருந்து பினாங்கு பிறை பிளாட்டுக்கு மாறி வந்தவங்க. அம்மா பழைய காலத்துலயே தோட்டத்து அட்ரஸ்ல பதிஞ்சிருப்பாங்க, மகன் 2021 டிசம்பருக்கு அப்புறம் ஐசி அட்ரஸ வச்சு தானா ஏறியிருப்பான், ஒரே வீட்டுல அம்மாவுக்கு கெடா, மகனுக்கு பினாங்கு. அம்மா ஐசில புது அட்ரஸ் போட்டாச்சு, அதனால இங்கதான் ஓட்டுன்னு நெனச்சுக்கிட்டு பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில போயி வரிசையில நிப்பாங்க. ஏற்கனவே பதிஞ்சவங்களுக்கு ஐசி மாத்தினா ஓட்டு தானா மாறாது, எஸ்.பி.ஆர்ல தனியா விண்ணப்பம் போடணும். ஓட்டு நாள் அன்னைக்கு இதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது, நேரம் இருந்தா காரப் போட்டு கூலிம் போ அம்மான்னு சொல்றதுதான் வழி. அதனாலதான் சொல்றேன், ஹாட்லைன ஓட்டு நாள்ல தொறக்காதீங்க, வேட்புமனு நாளுக்கு ரொம்ப முன்னாடியே தொறங்க. 2018ல வேட்புமனுவுக்கும் ஓட்டுக்கும் நடுவுல 11 நாள்தான், 2022ல 14 நாள். அதுக்குள்ள அட்ரஸ் மாத்தலாம்னு யாராச்சும் கேட்டா பாவமாதான் இருக்கும்.

அடுத்தது சிவப்பு ஐசி, அதாவது பிஆர் (நிரந்தர வசிப்பாளர்) அட்டை. "எங்க அம்மா இங்கதான் பொறந்தாங்க, எழுபது வயசு, பேரு லிஸ்ட்ல காட்டல, யாரோ எடுத்துட்டாங்க" அப்படின்னு கோவமா அடிப்பாங்க. ஐசி என்ன கலருன்னு மெதுவா கேட்டா சிவப்பு. குடியுரிமை இல்லாதவங்களுக்கு ஓட்டு கிடையாது. இத அந்தப் பிள்ளைகிட்ட சொல்றது இருக்கே, அதுக்கு உங்க வாலண்டியருங்களுக்குத் தனியா சொல்லிக் குடுக்கணும், டப்புன்னு "பிஆருக்கு ஓட்டு இல்ல"ன்னு வச்சிடக் கூடாது. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட உதவுற ஆளுங்க நம்பர் ஒண்ணு கையில வச்சுக்கங்க.

ஷிப்ட் வேலை. பாயான் லெப்பாஸ்லயும் பிறையிலயும் காலை ஏழுல இருந்து ராத்திரி ஏழு வரைக்கும் ஷிப்ட் ஓடுற எடம் இருக்கு, ஓட்டு எட்டுல இருந்து ஆறு. கணக்கு போட்டுப் பாருங்க. சூப்பர்வைசர் விடலைன்னு ரெஸ்ட் ரூம்ல ஒளிஞ்சு நின்னு அடிப்பாங்க, குரலே கேக்காது.

இன்னொண்ணு, இப்ப மக்காவ் ஸ்கேம் (போன்ல ஏமாத்துறது) பயம் எல்லாருக்கும் இருக்கு. நாம அவங்களுக்குத் திருப்பி அடிச்சு "ஐசி நம்பர் சொல்லுங்க செமாக் பண்றேன்"னா போன வச்சிடுவாங்க, வைக்கிறதுதான் சரியும் கூட. நாங்க ஐசி நம்பரே கேக்கல. பக்கத்துல பேரப்பிள்ளை இருக்கான்னு கேட்டு, அவன் போன்லயே மைஎஸ்பிஆர் செமாக்க தொறக்கச் சொல்லி, ஸ்கிரீன்ல வர்றத வாசிக்கச் சொல்லுவோம்.

மறந்துட்டேனே, 2022ல கெடா பாடாங் செராய் வேட்பாளர் கருப்பையா ஓட்டுக்கு மூணு நாள் முன்னாடி காலமாயிட்டாரு, அந்தத் தொகுதிக்கு மட்டும் நாடாளுமன்ற ஓட்டு டிசம்பர் 7க்கு தள்ளிப் போச்சு. நம்மாளுங்க நெறைய உள்ள தொகுதி. அடிச்சாங்க பாருங்க போன், "கெடா முழுக்க தள்ளிருச்சாமே", "பினாங்கும் இல்லயாமே", வாட்ஸப்ல எவனோ கெளப்பி விட்டிருக்கான். அன்னைக்கு வேலையே அதுதான், "உங்களுக்கு நாளைக்கு ஓட்டு இருக்கு, போங்க"ன்னு சொல்றது.

நெகரி கிங்:

எதுக்கு பாஸ் இதெல்லாம். எஸ்.பி.ஆர் நம்பர் இருக்கு, ஒவ்வொரு கட்சிக்கும் ஆபீஸ் இருக்கு, அங்க போயி கேட்டா ஒரு நிமிஷத்துல சாலுரான் சொல்லிடுவான். தமிழ்ல தனியா ஒண்ணு வச்சா நாளைக்கு ஒருத்தன் இது இனவாதம்னு வீடியோ போடுவான், வேண்டாத வேலை.

பிறை அக்கா:

கட்சி ஆபீஸ்ல கேக்கலாம் தம்பி, தப்பில்ல. ஆனா எங்க மாமியார் மாதிரி ஆளுங்களுக்கு அங்க போயி நின்னா "இவங்க நம்ம ஆளு"ன்னு எழுதிக்குவாங்கன்னு பயம். பயம் சரியா தப்பான்னு கேக்காதீங்க, பயத்துல ஓட்டு போடாம போறாங்க அதான் விஷயம். தமிழ்ல போன் எடுக்குறதுல என்ன இனவாதம், மலாய்ல கேட்டா மலாய்லயும் சொல்லத்தானே போறோம்.

ஓய்வு வாத்தியார்:

தம்பி கார்த்தி, நான் பள்ளி ஆசிரியரா இருந்தவன், பல தேர்தல்ல கேடிஎம் வேலை பார்த்திருக்கேன். ரயில் இல்ல, கெத்துவா தெம்பாட் மெங்குண்டி, அந்த ஓட்டு அறைக்குப் பொறுப்பாளி. உங்க ஹாட்லைன் பிள்ளைங்க அறைக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம போன்ல வீரம் பேசினா எங்களுக்கும் தொல்லை, ஓட்டு போட வந்தவருக்கும் தொல்லை. அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கங்க.

சாலுரான் வயசுப்படி பிரிச்சிருக்கும். ஒண்ணாம் சாலுரான்ல மூத்தவங்க, கடைசி சாலுரான்ல சின்னப் பிள்ளைங்க. பாட்டியும் பேத்தியும் ஒண்ணா வந்து ஒரே வரிசையில நின்னா ஒருத்தருக்கு கட்டாயம் பேரு இருக்காது. "பேரு இல்லன்னு சொல்லிட்டாங்க"ன்னு உங்களுக்குப் போன் வந்தா மொத கேள்வி, எந்த அறையில கேட்டீங்க. பள்ளிக்கூடம் சரி, அறை தப்பு, இது எனக்குத் தெரிஞ்சு எல்லா தேர்தல்லயும் நடக்குற கூத்து.

உள்ள போனா மொத கிராணி ஐசிய வாங்கி, பேரையும் நம்பரையும் சத்தமா வாசிப்பாரு. பயந்துக்க வேணாம், அது கட்சி ஏஜெண்டுங்களுக்குக் கேக்கணும்னுதான், அவங்க கையில உள்ள லிஸ்ட்ல கோடு போடுவாங்க. ரெண்டாவது கிராணி விரல்ல மை வைப்பாரு, வைக்கவிடலைன்னா சீட்டு கிடையாது. மூணாவது ஆளு ஓட்டுச்சீட்டு குடுப்பாரு. சீட்ட வாங்கினதும் விரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க, ஏற்கனவே கோடு கீடு இருந்தா அங்கயே மாத்திக் கேக்கலாம். தவறுதலா நீங்களே கெடுத்துட்டாலும் பெட்டியில போடறதுக்கு முன்னாடி திருப்பிக் குடுத்தா வேற குடுப்போம். இது நெறைய பேருக்குத் தெரியாது, வெக்கப்பட்டுக்கிட்டு கெட்ட சீட்டயே மடிச்சுப் போட்டுட்டுப் போயிடுவாங்க.

கண்ணு தெரியாதவங்க, கை நடுங்குறவங்க துணைக்கு ஆளு வச்சுக்கலாம், அதுக்கு ஒரு போராங் (பாரம்) எழுதணும். ஆனா இத கேட்ல நிக்கிற ஆளுகிட்ட கேட்டா அவருக்குத் தெரியாது, தெரியாததால "முடியாது"ன்னு சொல்லிடுவாரு. கேடிஎம்கிட்ட கேக்கச் சொல்லுங்க.

இப்ப முக்கியமானது. அறைக்குள்ள போன் கிடையாது. அதனால ஒருத்தர் உங்களுக்கு அடிக்கிறாருன்னா ஒண்ணு வரிசையில நிக்கிறாரு, இல்ல வெளிய வந்துட்டாரு. வரிசையில நின்னா எடத்த விடாதீங்கன்னு மொதல்ல சொல்லுங்க. "போன அந்த ஆபிசர்கிட்ட குடுங்க நான் பேசுறேன்" அப்படின்னு உங்க பிள்ளைங்க யாரும் சொல்லக் கூடாது. நான் வாங்க மாட்டேன், எந்த கேடிஎம்மும் வாங்க மாட்டாரு, யாரு பேசுறாங்கன்னே தெரியாம எப்படி வாங்குறது. அதுக்குப் பதிலா ஒரு மலாய் வாக்கியம் சொல்லிக் குடுங்க. "தோலோங் செமாக் நாமா சாயா, சாலுரான் பெராப்பா?" (என் பேர பாருங்க, எத்தனாவது சாலுரான்?) இல்லன்னா "சாயா நாக் ஜும்பா கேடிஎம்." (நான் கேடிஎம்ம பார்க்கணும்.) இத ரெண்டு தடவ போன்ல சொல்ல வச்சுட்டு அனுப்புங்க. முக்காவாசி பிரச்சனை இதுல முடிஞ்சிடும். கேடிஎம்மும் கேக்கலைன்னாதான் அதுக்கு மேல, அந்தத் தொகுதியோட பெகாவாய் பெங்குருஸ் (தேர்தல் அதிகாரி), அப்புறம் மாநில எஸ்.பி.ஆர் ஆபீஸ். அந்த நம்பருங்கள எல்லாம் முன்னாடியே ஒரு தாள்ல எழுதி செவுத்துல ஒட்டி வைங்க, அன்னைக்குத் தேடாதீங்க, எஸ்.பி.ஆர் வெப்சைட் அன்னைக்கு நத்தை மாதிரி நகரும்.

கடைசியா ஒண்ணு. 2013ல பங்களா ஆளுங்கள (வங்காளதேசத் தொழிலாளிங்கள) எறக்கி ஓட்டு போட வைக்கிறாங்கன்னு ஒரு பேச்சு கெளம்புச்சு. பார்க்க அப்படி இருக்கான்னு ஆளுங்கள வழிமறிச்சு ஐசி காட்டச் சொன்னாங்க. நம்ம பிள்ளைங்களோட நெறத்துக்கு மொதல்ல மாட்டப் போறது யாருன்னு யோசிங்க. அந்த மாதிரி ஒரு போன் வந்தா எழுதி வச்சுக்கங்க, பேஸ்புக்ல போடாதீங்க.

சட்டம் படிச்சவ:

வாத்தியார் சொன்னதுக்கு ஒரு பெரிய கும்பிடு. நான் சட்டப் பக்கம் மட்டும் சொல்றேன்.

ஷிப்ட் விஷயம் அக்கா சொன்னாங்களே, தேர்தல் குற்றச் சட்டம் 1954, 25ஆம் பிரிவு. ஓட்டு நாள்ல முதலாளி தொழிலாளிக்கு ஓட்டு போட நியாயமான நேரம் குடுத்தாகணும், அதுக்கு சம்பளம் வெட்டக் கூடாது. முழு நாள் லீவு குடுன்னு அந்தப் பிரிவு சொல்லல, நியாயமான நேரம்தான், அத அழைக்கிறவங்ககிட்ட தெளிவா சொல்லுங்க, இல்லன்னா போயி சண்டை போட்டு வேலை போயிடும். எங்க குழுவுல இதுக்கு ஒரு சின்ன மலாய் மெசேஜ் எழுதி வச்சிருந்தோம், பிரிவு நம்பரோட, தொழிலாளி அத அப்படியே எச்ஆருக்கு அனுப்பிடலாம். ரெஸ்ட் ரூம்ல ஒளிஞ்சு பேச வேண்டியதில்ல.

வாசல்ல மெரட்டுறது 9ஆம் பிரிவு. கட்சிக் கொடி, கட்சி சட்டை, ஓட்டு கேக்குறது, இதெல்லாம் 26ஆம் பிரிவுல வரும், ஓட்டுச்சாவடி எல்லையில இருந்து 50 மீட்டர்ங்கிற கணக்கு அங்கதான் இருக்கு. உங்ககிட்ட அடிக்கிறவங்களே கட்சி சட்டை போட்டுக்கிட்டு வரிசையில நிப்பாங்க, மொதல்ல அத மாத்தச் சொல்லுங்க.

காசு குடுக்குற புகார் வந்தா ஜாக்கிரதை. 10ஆம் பிரிவுல குடுக்குறவன் மட்டும் இல்ல, வாங்குற வாக்காளரும் குற்றவாளி. ஒரு அம்மா வெள்ளந்தியா "எனக்கு ஐம்பது வெள்ளி குடுத்தாங்க, பக்கத்து வீட்டுக்கு நூறு குடுத்துட்டாங்க, இது நியாயமா"ன்னு கேப்பாங்க, சிரிக்காதீங்க இப்படி நெஜமாவே கேப்பாங்க. அந்த எடத்துலயே நிறுத்தி, பேர் விவரம் எதுவும் கேக்காம வக்கீல்கிட்ட மாத்தி விடுங்க. உங்க குழுவுல ஒரு வக்கீலாச்சும் அன்னைக்கு முழு நாளும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும்.

எழுதி வைக்கிறது ஏன் முக்கியம்னு ரெண்டு உதாரணம். 2018ல ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில ஒரு வேட்பாளர பாஸ் இல்லன்னு சொல்லி வேட்புமனு மையத்துக்குள்ளயே விடல, எதிராளி போட்டியில்லாம ஜெயிச்சாச்சு. தேர்தல் நீதிமன்றம் அத ரத்து பண்ணுச்சு, 2019 ஏப்ரல் 13ல இடைத்தேர்தல் வந்துச்சு. அதே 2018 கேமரன் மலை நாடாளுமன்ற முடிவும் ஒராங் அஸ்லி (பூர்வகுடி) வாக்காளருங்களுக்குக் காசு குடுத்ததுக்காக ரத்தாகி 2019 ஜனவரி 26ல திரும்ப ஓட்டு. ரெண்டுலயும் நின்னது சாட்சி. தேர்தல் மனு போட முடிவு கெசட்ல வந்ததுல இருந்து 21 நாள்தான், அதுக்கு அப்புறம் எவ்வளவு பெரிய அநியாயம்னாலும் கதவு சாத்தியாச்சு. அதனால போன் வந்த நேரம், எந்தப் பள்ளி, எந்த சாலுரான், என்ன சொன்னாங்க, யாரு பார்த்தது, இத பேசும்போதே எழுதணும். சாயங்காலமா உக்காந்து ஞாபகப்படுத்தி எழுதுறது கோர்ட்ல நிக்காது. உங்க நோட்டு புத்தகமே சாட்சி ஆகாது, போன் பண்ணவங்கதான் சாட்சி, அதனால சம்மதம் கேட்டு ஒரு தொடர்பு நம்பர் வாங்கி வைங்க, சம்மதம் இல்லன்னா விட்டுடுங்க.

யாருக்கு ஓட்டு போட்டீங்க, போடப் போறீங்கன்னு எக்காரணம் கொண்டும் கேக்காதீங்க, அவங்களா சொல்ல வந்தாலும் தடுங்க. தனிநபர் தகவல் சட்டம் 2010 வியாபாரத்துக்குதான் பொருந்தும், உங்கள மாதிரி ஆளுங்களுக்கு நேரடியா வராது, ஆனா வரலைங்கிறதுக்காக எக்செல் ஷீட்ட குரூப்ல போட்டு சுத்த விட்டீங்கன்னா அப்புறம் யாரும் நம்பி அடிக்க மாட்டாங்க.

லைன்மேன் சுகு:

நான் கால் சென்டர்ல வேலை, பாயான் பாரு. டெக்னிக்கல் மட்டும்.

யாரோட சொந்த நம்பரயும் போடாதீங்க, வாட்ஸப்ல ஒரு தடவ போஸ்டர் சுத்திருச்சுன்னா பத்து வருஷம் கழிச்சும் தீபாவளிக்கு அடிப்பான். கிளவுட் பிபிஎக்ஸ்னு கிடைக்கும், ஒரே 03 (கோலாலம்பூர்) நம்பர் இல்லன்னா 04 (பினாங்கு) நம்பர், உள்ள வரிசையா வாலண்டியர் போனுக்கு மாறி மாறி அடிக்கும், வீட்டுல இருந்தே எடுக்கலாம். 1800 நம்பர்னா அடிக்கிறவங்களுக்குக் காசு இல்ல, நீங்க கட்டணும், பட்ஜெட் இருந்தா நல்லது. இல்லன்னா மிஸ்ட் கால் முறை வைங்க, நம்ம பாட்டிங்களுக்கு அது அத்துப்படி. ஆனா அக்கா சொன்ன ஸ்கேம் பயம் இருக்கே, அதனால திருப்பிக் கூப்பிடுற நம்பரும் அதே நம்பரா காட்டணும், வேற நம்பர்ல போனா எடுக்க மாட்டாங்க.

2018 மே 9 ஞாபகம் இருக்கா? ஓட்டு நாள் அன்னைக்கு ரெண்டு பக்கத்து அரசியல்வாதிங்க போனுக்கும் ரோபோ கால் வந்துக்கிட்டே இருந்துச்சு, ஒரு கால் கட் பண்ணா அடுத்தது, போன் பயன்படுத்தவே முடியல. உங்களுக்கும் அப்படி யாராச்சும் செய்யலாம், இல்லன்னு சொல்ல முடியாது. ரெண்டாவது நம்பர் ஒண்ணு வாங்கி வைங்க, ஆனா வெளிய சொல்லாதீங்க, மொதலாவது விழுந்தா மட்டும் அறிவிங்க. வாட்ஸப் தனியா ஒரு ஆளு பார்க்கணும், வாய்ஸ் மெசேஜ்தான் நெறைய வரும், மூணு நிமிஷம் பேசிட்டு கடைசியிலதான் எந்தப் பள்ளின்னு சொல்லுவாங்க.

வெளிநாட்டுல எப்படி செய்றாங்கன்னு பார்க்கணும்னா அமெரிக்காவுல எலெக்ஷன் ப்ரொடெக்ஷன்னு ஒரு கூட்டணி இருக்கு, 2000ல ப்ளோரிடாவுல நடந்த ஓட்டுக் குழப்பத்துக்கு அப்புறம் வந்தது. வக்கீலுங்க, சட்டம் படிக்கிற பிள்ளைங்க வாலண்டியரா உக்காந்து எடுப்பாங்க, ஆங்கிலத்துக்கு ஒரு நம்பர், ஸ்பானிஷுக்கு ஒண்ணு, ஆசிய மொழிங்களுக்கு ஒண்ணு, அரபுக்கு ஒண்ணு. இந்தியாவுல 1950னு தேர்தல் ஆணையமே நடத்துற நம்பர், கூட சிவிஜில்னு ஒரு ஆப், படம் எடுத்து அனுப்பினா 100 நிமிஷத்துக்குள்ள நடவடிக்கைன்னு கணக்கு. அங்க உள்ள சட்டம் இங்க வேலைக்கு ஆகாது, அமெரிக்காவுல லிஸ்ட்ல பேரு இல்லன்னா தற்காலிக ஓட்டுச்சீட்டு கேட்டு வாங்கலாம், இங்க அப்படி கேட்டா கேடிஎம் நம்மள ஒரு மாதிரி பார்ப்பாரு. மொழிக்கு ஒரு நம்பர்ங்கிறத மட்டும் எடுத்துக்கலாம்.

செந்தூல் கார்த்தி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கல. பிரிண்ட் போட்டு வச்சாச்சு. வாத்தியார் சொன்ன மலாய் வாக்கியம் ரெண்டையும் போஸ்டர்லயே போட்டுடலாம்னு இருக்கோம்.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, கதவு மூடுற நேரத்துல வரிசையில நிக்கிறவங்க, மருதாணி போட்ட கை, அரைக்கால் சட்டை, தொலைஞ்ச ஐசி, இந்த மாதிரி ஆளுக்கு ஒண்ணு சொல்ற விஷயங்களுக்கு என்ன பதில் வைக்கிறது. ரெண்டு, ஒரு ஒய்பி (மக்கள் பிரதிநிதி) ஆபீஸ்ல இருந்து ஏற்கனவே போன் பண்ணி இடம் தரேன், டீ சாப்பாடு தரேன்னு சொல்றாங்க, வாங்கலாமா?

சட்டம் படிச்சவ:

ஒண்ணுக்கு: இணையத்துல தேடி பதில் எழுதாதீங்க, தேர்தலுக்குத் தேர்தல் சுற்றறிக்கை மாறும். 2022ல ஆறு மணி வரைக்கும் இருந்துச்சு, 2018ல அஞ்சு மணிக்கே மூடினாங்க. சிங்கப்பூர்ல வேலை செய்றவங்களுக்கு 2022ல தபால் ஓட்டு கிடையாது, நேர்ல வந்துதான் போட்டாங்க, அடுத்த தடவைக்கு அப்ப வர்ற அறிவிப்பத்தான் பார்க்கணும். அதனால இந்த மாதிரி கேள்விங்கள எல்லாம் ஒரு கடிதமா எழுதி எஸ்.பி.ஆருக்கு அனுப்பி எழுத்துல பதில் வாங்குங்க. அந்தக் கடிதத்தோட படம் ஒவ்வொரு வாலண்டியர் போன்லயும் இருக்கட்டும். வாக்காளர் அத கேடிஎம்கிட்ட காட்டினா, "ஹாட்லைன்ல சொன்னாங்க"ன்னு சொல்றத விட மதிப்பு.

ரெண்டுக்கு: வேணாம். டீ கூட வேணாம். எதிர்க்கட்சிக்காரர் குடுத்தாலும் வேணாம்.

நெகரி கிங்:

சரி பாஸ், நான் சொன்னத வாபஸ் வாங்கல, ஆனா நீங்க எல்லாம் பேசுறதப் பார்த்தா செய்யத்தான் போறீங்க. கோயில் மண்டபத்த கேளுங்க, வாடகைக்கு, ரசீது வாங்கிக்கிட்டு. ஆனா கோயில் கமிட்டியில யாரு எந்தக் கட்சின்னு மொதல்ல விசாரிச்சுக்கங்க ஹிஹி.

ஓய்வு வாத்தியார்:

சாயங்காலத்தப் பத்தி யாரும் சொல்லல. கதவு மூடின பிறகு அதே அறையில எண்ணுவாங்க, எண்ணி முடிச்சதும் போராங் 14ல எழுதி ஏஜெண்டுங்க கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒரு காப்பி வாங்குவாங்க. அந்த நேரத்துல உங்க நம்பருக்கு "யாரு முன்னணி"ன்னு கேட்டு அடிப்பாங்க, அதுக்கு டிவியப் பார்க்கச் சொல்லிட்டு வச்சிடுங்க. ஆனா ஒரு ஏஜெண்டு "எனக்கு போராங் 14 காப்பி குடுக்கல"ன்னு அடிச்சா அத வேற வரிசையில எடுக்கணும், நேரா வக்கீலுக்கு. அதனால ஆறு மணிக்கு லைன மூடிட்டுப் போயிடாதீங்க, ஒரு வக்கீலும் ரெண்டு பிள்ளைங்களும் ராத்திரி வரைக்கும் இருக்கட்டும்.

பிறை அக்கா:

வாத்தியார் சார் சொல்றது சரி. கார்த்தி, பயிற்சி வச்சா சொல்லு, பஸ் ஏறி வந்துடுறேன், எனக்கு ஒரு ரூம்ல தங்க எடம் பார்த்தா போதும். பயிற்சியில பேப்பர வாசிக்க விடாத, ஒருத்தர் பாட்டி மாதிரி பேசணும், ஒருத்தர் கோவக்கார அப்பா மாதிரி, ஒருத்தர் ரெஸ்ட் ரூம்ல இருந்து குசுகுசுன்னு. உன் பிள்ளைங்க செந்தூல் தமிழ்ல வேகமா பேசுவாங்க, கூலிம் பாட்டிக்குப் புரியாது, மெதுவா பேசச் சொல்லிக் குடு.